மரபணுவுக்குள்ள ‘குப்பை’யா? அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க!

தசைகளுக்குத் தேவையான டிஸ்ட்ரோபின் புரதத்தின் மரபணு, மனித உடம்பிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்துகள். ஒரு செல் அதை ஒருமுறை நகலெடுக்கவே 16 மணி நேரம் ஆகுமாம். அப்புறம்? 99 சதவிகிதத்தை வெட்டிப் போட்டுவிட்டு, 79 துண்டுகளை மட்டும் ஒட்டிக்கொள்கிறது!

வெட்டப்படுவது இன்ட்ரான். மிஞ்சுவது எக்ஸான். 1977-ல் அடினோவைரஸை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-ல் நோபல் கிடைத்தது.

பாக்டீரியாவின் புரத மரபணுக்களில் இந்த வெட்டு, ஒட்டு வேலை ரொம்ப அபூர்வம். நமக்கு மட்டும் ஏன்? ‘சிக்கலான உயிரினம், அதனால சிக்கலான மரபணு’ என்று ஈஸியா சொல்லிடுறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம் இன்ட்ரான்களின் மூதாதை, பாக்டீரியாவில் இன்றும் இருக்கும் ‘குரூப் 2 இன்ட்ரான்’ என்ற ஒட்டுண்ணித் துண்டுகள் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. கோடானுகோடி பாக்டீரியா உள்ள கூட்டத்தில், சின்ன பாரத்தைக்கூட இயற்கைத் தேர்வு களையெடுத்துவிடும். எண்ணிக்கை குறைவான பெரிய உயிரினங்களில் அந்தப் பிடி தளர்வதால் இவை தங்கிவிட்டன என்கிறார் உயிரியலாளர் மைக்கேல் லின்ச். வாடகை தராம வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி! வீட்டுக்கு உபயோகமானது பிறகுதான். எக்ஸான்களை மாற்றி மாற்றி ஒட்டினால், ஒரே மரபணுவிலிருந்து பல புரதங்கள் கிடைக்கும். சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவுக்கும் நம்மைப் போலவே கிட்டத்தட்ட 20,000 புரத மரபணுக்கள்தான்.

சரி, இதனால நமக்கென்ன?

குழந்தைகளின் தசையை முடக்கும் எஸ்.எம்.ஏ நோயை எடுத்துக்கொள்வோம். எஸ்.எம்.என்-1 மரபணு பழுதானால், எஸ்.எம்.என்-2 என்ற பேக்கப் இருக்கிறது. ஆனால் அதன் 7-வது எக்ஸானில் ஒரே ஒரு எழுத்து வேறு. அந்த எழுத்து அமினோ அமிலத்தை மாற்றவே இல்லை. ஆனாலும் வெட்டும் இயந்திரம் குழம்பி, பெரும்பாலும் அந்த எக்ஸானையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது. 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் மருந்து, பக்கத்து இன்ட்ரானின் நகலில் போய் ஒட்டிக்கொண்டு அந்தத் துண்டைக் காப்பாற்றுகிறது. ‘குப்பை’ன்னு ஒதுக்கின இடத்துல!

அதுக்காக எல்லா இன்ட்ரானும் புதையல் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். பலவற்றுக்கு எந்த வேலையும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் வீட்டில் யாருக்காவது மரபணு டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டில் ‘புரதம் மாறவில்லை’ என்று வந்தால், டாக்டரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்க: “வெட்டி ஒட்டுறதுல பிரச்னை எதுவும் இல்லையே?”