கருவி செய்தவன் எங்கே?

யாழ்ப்பாணத்துக் கோவில் வீதியில் மேளக் கச்சேரி. வித்துவானின் பெயரைச் சிறுபிள்ளையும் சொல்லும். அவர் கையிலுள்ள நாதஸ்வரத்தைக் கடைந்தவன் யார்? 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை இன்றும் போற்றுகிறோம், தக்கதே. அவருடைய தவிலுக்குப் பலாக்கட்டையைக் குடைந்தவனையும் தோலை வார்த்தவனையும் போற்றினோமா?

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையைப் பாருங்கள். பழைய வீடுகளில் உத்திரமாய்க் கிடந்து ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்து நாதஸ்வரம் கடைகிறார்கள். நீண்ட குழலிலும் சுத்த மத்திமம் பிசகாது பேச வேண்டுமென்றார் ராஜரத்தினம் பிள்ளை. ரங்கநாதன் ஆசாரி துளைகளை அளந்து அளந்து 1950களில் அதைச் சாதித்தார். பாரி நாதஸ்வரம் பிறந்தது. ஊதியது கலை, கடைந்தது வெறுங் கைவேலையா? உழைப்பைச் சாதிக்கோல் கொண்டு அளந்த சமுதாயத்தின் தீர்ப்பல்லவா இது!

அமெரிக்காவில் மின்கிதார் செய்த லியோ பெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. ஆயினும் அவர் பெயர் கருவியின் தலையிலேயே பொறிக்கப்பட்டது. (அங்கும் முதலாளியின் பெயர்தான், பட்டறைத் தொழிலாளியின் பெயரன்று.) நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை, ஆசாரிக்கு?

நம் மகோற்சவ விஞ்ஞாபனங்களில் உபயகாரர் பெயர்கள் நாள்தோறும் வரிசையாய் அச்சாகின்றன. கருவி செய்தவனுக்கு ஒரு வரி ஒதுக்கத் தாள் போதவில்லையா?