பட்டு நெய்தவனுக்குப் பட்டம் எதற்கு?

சின்ன காஞ்சிபுரத்துத் தெருவொன்றிலே, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நெசவாளத் தோழர் ஒருவரிடம், கோர்வைச் சேலை நெய்திட எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இருவர் வேண்டும் என்பார். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவருக்கோ இரண்டே கைகள். எனவே மறுபக்கத்துக் கரைக்கு நாடாவைத் தள்ளிக் கொடுத்திட இன்னொருவர் தேவை. நெடுங்காலமாக அந்த இன்னொருவர் யார்? ஒரு சிறுவன்! பள்ளியில் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டிய வயதிலே, தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியின் ஓரத்திலே உட்கார வைக்கப்பட்ட சிறுவன்!

அவன் கைபட்ட சேலை சென்னைக்குச் சென்றது, மணமேடை ஏறியது, பட்டதாரிப் பெண்ணின் தோளிலே படர்ந்தது. சேலை சென்றது, சிறுவன் செல்லவில்லை. 75 கிலோமீட்டர்தான் வழி; ஆனால் அவனுக்கு அது எட்டாத நாடு!

ஏன் எட்டவில்லை? அதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

கல்விக்குப் பேர்போன காஞ்சி என்று புகழ்ந்தனர் பழம்புலவர்கள். உண்மைதான். இங்கே கடிகை இருந்தது. கடல்போல் கலை இருந்தது. நான்காம் நூற்றாண்டிலேயே கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் கற்க வந்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு பேசுகிறது. மகிழ்ச்சி! ஆனால் ஒன்று கேட்கிறோம். வேதம் ஓதுவோர்க்கெனத் திறந்த அந்தக் கடிகையின் கதவு, உழுதவனுக்குத் திறந்ததா? நெய்தவனுக்குத் திறந்ததா? பறையடித்தவனுக்குத் திறந்ததா? ஊரின் பெருமையிலே பங்கு கொடுத்தனர். ஏட்டின் பக்கத்திலே இடம் கொடுத்தாரில்லை!

காலம் மாறிற்று. கடிகை போயிற்று, கல்லூரி வந்தது. சென்னையிலே 1835-இல் மருத்துவக் கல்லூரி. 1840-இல் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி. 1857 செப்டம்பர் 5-இல் சென்னைப் பல்கலைக்கழகம். கட்டடங்கள் எழுந்தன. யார் வரியில்? ஏர் பிடித்தவன் வரியில், தறி பிடித்தவன் வரியில்! உள்ளே அமர்ந்தவர் யார்? 1914-ஆம் ஆண்டுக் கணக்கைக் காணுங்கள். பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேர்; அவருள் பார்ப்பனர் 452 பேர்; பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124 பேர்; ஏனையோர் 74 பேர். மக்கள் தொகையிலோ அந்த 452 பேரின் வகுப்பார் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான்! மூளை என்பது நூற்றுக்கு மூன்று பேருக்கு மட்டும் வைத்துப் படைக்கப்பட்டதா? அல்லது ஏணி அவர்கள் கையிலே இருந்ததா? எண்ணிப் பாருங்கள், விடை தானே வரும்.

அந்த இருளிலே ஒரு விளக்கு எரிந்ததையும் சொல்ல வேண்டும். ஏழை விதவையின் மகனாகப் பிறந்து, துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டி, 1794-இல் மறைந்தார் பச்சையப்பர். அவர் செல்வத்தைக் கோயில் அறங்களுக்கென்று எழுதி வைத்தார். அரை நூற்றாண்டு அந்தப் பணம் வழக்குமன்றத்திலே உழன்றது. பின்னர், கோயிலுக்குப் போக மிஞ்சிய பணம் கல்விக்கு என்று ஏற்பாடாயிற்று, 1842-இல் சென்னையிலே பள்ளி பிறந்தது, காஞ்சிக்கும் கிளை வந்தது, 1889-இல் கல்லூரியாயிற்று. வரதராசர் கோயிலிலே வடகலையா, தென்கலையா என்ற வழக்கு நூற்றாண்டுகளாக நீதிமன்றப் படிகளைத் தேய்த்துக் கொண்டிருப்பதைக் கண்ட ஊர் நம் ஊர். அந்த வழக்குகளால் எந்த ஏழைக்கு எழுத்தறிவு வந்தது? பச்சையப்பர் வழக்கோ பள்ளிக்கூடம் தந்தது!

அந்தப் பள்ளியிலேதான் படித்தார், 1909-இல் சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அண்ணா. வறுமை வழிமறித்தது, நகராட்சியிலே எழுத்தராக உட்கார்ந்தார். பின்னர் 1928-இல் பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்தார், 1934-இல் சிறப்புப் பட்டம் பெற்றார், 1967-இல் முதலமைச்சரானார், 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அழைத்துச் சிறப்புச் செய்தது. ஒரு கதவு திறந்ததால் ஒருவர் வந்தார். திறக்காத கதவுகளின் முன்னே எத்தனை அறிஞர் மாய்ந்தனரோ, யார் கணக்கெடுத்தார்?

நம்மவர் நிறுவனம் என்பதற்காக மறைத்திட மாட்டோம். அந்தப் பச்சையப்பன் கல்லூரியிலேயே 1947 வரை இந்து அல்லாதாருக்கு இடமில்லை. ஆதித்திராவிடருக்கும் நெடுங்காலம் அங்கே இடமில்லை. பூட்டு யார் கையிலே இருந்தாலும் பூட்டுதான்!

பூட்டை உடைத்திடப் போராடியது திராவிட இயக்கம். நீதிக்கட்சி ஆட்சியிலே 1921-இல் பிறந்த வகுப்புரிமை ஆணைக்கு, 1928-இல் முத்தையா முதலியார் செயல்வடிவம் தந்தார். வேலைக்கு வந்த அந்த முறை கல்லூரிக்கும் வந்தது. உடனே கிளம்பிற்றே கூக்குரல்! குடியரசு மலர்ந்த 1950-இலேயே சென்னை உயர்நீதிமன்றத்திலே வழக்கு. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பாத ஒரு அம்மையார், இடம் பறிபோகிறது என்று முறையிட்டார், ஆணை வீழ்ந்தது, 1951-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் முழங்கினார், அதே ஆண்டிலே அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

அடங்கினார்களா? இல்லை. 1953-இல் ஆச்சாரியார் ஒரு திட்டம் தந்தார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. எஞ்சிய நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். ஐயம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் நெசவாளி மகனுக்கு அப்பன் தொழில் என்ன? அதே தறி ஓரம்! அந்தக் குலக்கல்வித் திட்டத்தை எதிர்ப்பதே மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாயிற்று. 1954-இல் ஆச்சாரியார் போனார், காமராசர் வந்தார், திட்டம் புதைகுழிக்குச் சென்றது.

புதைத்தது உண்மை, ஆனால் அதன் ஆவி அலைகிறதே! 2023-இல் மைய அரசு விசுவகர்மா என்ற பெயரிலே ஒரு திட்டம் கொணர்ந்தது. பதினெட்டுத் தொழில்கள், குடும்பத்திலே வழிவழி வந்த தொழிலாக இருக்க வேண்டுமாம், வயது பதினெட்டு ஆனால் போதுமாம்! பதினெட்டு என்பது எந்த வயது, தோழர்களே? கல்லூரி வாசலிலே நிற்கும் வயது! அந்த வயதிலே பிள்ளையின் தோளைப் பிடித்து, உன் அப்பன் தொழிலுக்குத் திரும்பு, கடன் தருகிறோம் என்பதற்கு என்ன பெயர்? வயதை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை எடு என்று தமிழக அரசு கேட்டது. மைய அரசு இசையவில்லை. எனவே அந்த வடிவிலே திட்டத்தை ஏற்க முடியாது என்று 2024-இல் தமிழகம் மறுத்தது. சரியான மறுப்பு!

அப்பன் தொழில் என்று சொல்லி ஒரு பக்கம் இழுக்கிறார்கள். தகுதி என்று சொல்லி மறுபக்கம் தள்ளுகிறார்கள். தகுதி வேண்டுமாம், தகுதி! பன்னிரண்டு ஆண்டு பள்ளியிலே படித்து, பொதுத்தேர்விலே பெற்ற மதிப்பெண் தகுதியாகாதாம். ஒரே ஒரு நாள், சில மணி நேரம் எழுதும் நீட் தேர்வுதான் தகுதியாம்! அதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஓராண்டு போனால் மறு ஆண்டும் காத்திருக்க வசதி வேண்டும். அப்படியானால் அது தகுதித் தேர்வா, பணப்பைத் தேர்வா? அரியலூர் மாவட்டத்து மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் 1200-க்கு 1176 பெற்றாள். 2017-இல் அவளுக்கு மருத்துவக் கல்லூரியிலே இடமில்லை என்றனர். அந்த மகளை இழந்தோம். அவள் பெற்ற எண்ணிலே எந்தத் தகுதி குறைந்தது? கூறட்டும், கற்றறிந்த கனவான்கள்!

1984-இல் தொடங்கிய நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டம் செய்து ஒழித்த மாநிலம் இது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976-இல், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றினார்கள். அன்று பறிபோன உரிமையின் விலையை இன்று நம் பிள்ளைகள் செலுத்துகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு என்று 2020-இல் சட்டம் செய்தோம். அது காயத்துக்குக் கட்டு. காயம் ஆற வேண்டுமே! 2021-இல் நீட் விலக்குச் சட்டம், ஆளுநர் திருப்பினார், 2022-இல் மீண்டும் நிறைவேற்றினோம், ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025-இல் சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. எட்டுக் கோடி மக்களுக்கு அருகிலுள்ள ஒரு நாடு, தன் பிள்ளை எந்தக் கல்லூரியிலே சேர்வது என்று டில்லியிடம் கேட்டு நிற்க வேண்டுமாம்!

மையத்தின் கல்லூரிகளோ? கிண்டிக் காட்டிலே தொழில்நுட்பக் கழகம் எழுந்தது 1959-இல். பிற்படுத்தப்பட்டோர்க்கான 27 விழுக்காட்டுக்கு உச்சநீதிமன்றம் இசைந்தது 2008-இல். அரை நூற்றாண்டு! அதற்குள் ஒரு தலைமுறை தறியிலேயே முதுமை எய்திவிட்டது.

ஆயினும் சோர்ந்திட வேண்டாம். 2021-22 கணக்கின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்வியிலே சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழகத்திலே 47. இட ஒதுக்கீட்டால் தகுதி கெடும், தரம் வீழும் என்று ஆருடம் சொன்னவர்கள் இந்த எண்களின் முன்னே வந்து நிற்கட்டும்!

எல்லோரும் படித்துவிட்டால் தறியிலே உட்கார யார் இருப்பார் என்று கேட்கின்றனர் சிலர். தறி அழிய வேண்டும் என்றா கூறுகிறோம்? நெய்யட்டும், படித்துவிட்டு, விரும்பி, உரிய கூலி பெற்று நெய்யட்டும். மருத்துவர் மகனும் வந்து நெய்யட்டும், தடுப்பார் யார்? நெசவாளியின் மகன் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

சின்ன காஞ்சிபுரத்துத் தாய்மார்களே, தந்தைமார்களே! கல்வியை மாநிலத்திடம் மீட்டிடும் போர் மன்றங்களிலே நடக்கட்டும். உங்கள் வீட்டிலே ஒரு போர் இருக்கிறது. கடன் நெருக்கும், முதலாளி முன்பணம் நீட்டுவார், பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்பார் உறவினர். அசையாதீர்கள். அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு 2022-இல் புதுமைப்பெண் திட்டமும், ஆணுக்கு 2024-இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும், மாதம் ஆயிரம் ரூபாய் என்று பிறந்தன. நூறாண்டு கேட்டுப் பெற்ற உரிமையின் சிறு பங்கு அது; பிச்சையன்று.

தறி ஓரத்து இடம் காலியாக இருக்கட்டும். அந்த இடத்துப் பிள்ளை கல்லூரியிலே இருக்கட்டும்!