கறுப்புப் பூச்சுக்கு ஒரு நகரம் போட்ட தடை

டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் என்றொரு ஊற்றுக்குளம் இருக்கிறது. சுமார் மூன்று ஏக்கர் பரப்பு. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து பொங்கி வரும் நீர், கோடையோ குளிரோ, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலேயே இருக்கும். ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக நீந்தும் இடம் இது. இந்த ஊற்றுநீரை நம்பி வாழும் சாலமாண்டர் என்ற சிறு உயிரினம் 1997இல் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்தக் குளத்துக்காக ஆஸ்டின் மக்கள் காட்டிய பிடிவாதம் அசாதாரணமானது. குளத்துக்கு வரும் ஓடையை ஒட்டி 4,000 ஏக்கரில் வீடுகளும் கடைகளும் கட்டும் திட்டம் 1990 ஜூனில் நகர மன்றத்தின் முன் வந்தது. பேசுவதற்கு 800 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். கூட்டம் விடிய விடிய நடந்தது. மன்றம் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. இரண்டே ஆண்டுகளில் மக்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் ஒரு நகரச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். ஊற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பில் கூரை, சாலை, கார் நிறுத்துமிடம் என்று மழைநீர் இறங்காத பரப்பு, பகுதியைப் பொறுத்து 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அங்கே சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகால் நேராக ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. எண்ணெய், டயர்த் துகள், உரம், பூச்சிமருந்து என்று தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் அது எடுத்துச் செல்லும். இதனால்தான் 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கும் அனுமதி பெற வேண்டும் என்றாக்கியது. ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பொருள் நீரைக் கெடுக்கிறது என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அது உள்ளூர் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆஸ்டின் அதைச் செய்தது. நகரத்தின் ஓடை வண்டலில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பி.ஏ.எச். வகை வேதிப்பொருள்கள் ஏராளமாக இருப்பதை நகராட்சி ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பக்கத்தில் ஆலை எதுவும் இல்லை. கார் நிறுத்துமிடங்கள்தான் இருந்தன. கறுப்பாகப் பளபளக்க அவற்றின் மேல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசப்படும் மேற்பூச்சின் மீது சந்தேகம் விழுந்தது. எஃகு ஆலைகளுக்காக நிலக்கரியைக் கோக்காக்கும்போது மிஞ்சும் கரித்தாரில் செய்யப்படுவது அது. டயர்கள் உரச உரசத் தூளாகும். மழை அந்தத் தூளை அடித்துச் செல்லும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகமும் நகராட்சியும் சேர்ந்து இதை அளந்து பார்த்தன. கரித்தார் பூசிய தளங்களிலிருந்து வடிந்த நீரின் துகள்களில், பூச்சே இல்லாத தளங்களைவிடச் சராசரியாக 65 மடங்கு பி.ஏ.எச். இருந்தது. 2005இல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு நகர மன்றம் தடை விதித்தது. 2006 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டிலேயே இப்படியொரு தடை போட்ட முதல் நகரம் ஆஸ்டின்.

இந்த விதியின் சிறப்பு அதன் குறுகிய எல்லைதான். 'நீர்நிலைகளைத் தூய்மையாக வைப்போம்' என்ற பொதுவான முழக்கத்தை யாரும் மீறுவதும் இல்லை, பின்பற்றுவதும் இல்லை. ஆஸ்டின் ஒரே ஒரு பொருளைப் பெயர் சொல்லித் தடுத்தது. பி.ஏ.எச். மிகக் குறைவாக உள்ள பெட்ரோலியத் தார்ப் பூச்சு ஏற்கெனவே சந்தையில் கிடைத்ததால், பூச்சு வேண்டியவர்கள் மாற்றுக்காக அலைய வேண்டியிருக்கவில்லை.

பலன் கிடைத்ததா என்பதையும் அளந்தார்கள்; பல நகரங்கள் தவறவிடும் வேலை இது. ஆஸ்டினின் நடுவே உள்ள லேடி பேர்ட் ஏரியின் அடிவண்டலை எடுத்துப் பார்த்தபோது, தடைக்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிட 2012இல் பி.ஏ.எச். 58 சதவீதம் குறைந்திருந்தது. 2014இல் அந்த முடிவு வெளிவந்தது. அதற்குள் விஸ்கான்சினின் டேன் கவுண்டி 2007இலும், தலைநகர் வாஷிங்டன் 2009இலும் இதே தடையைக் கொண்டுவந்திருந்தன. 2011இல் வாஷிங்டன் மாநிலம் முழுவதற்குமே தடை வந்தது.

நம் ஊர்களிலும் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் ஏரிக்கும்தான் போகிறது. வடிகாலின் அகலம், நீளம், அதற்கு ஆன செலவு பற்றி மாமன்றங்களில் நிறையவே பேசுகிறார்கள். அதில் எந்தப் பொருள் கலந்து போகிறது என்ற பேச்சும் அங்கே எழ வேண்டும். உங்கள் தெரு வடிகால் எந்த நீர்நிலையில் போய் விழுகிறது, அங்குள்ள வண்டலைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.