பலகையில் எழுதிவிட்டால் நாட்டுக்கோழி ஆகிவிடுமா?

கோவையில் "நாட்டுக்கோழி" என்று பலகை வைக்காத அசைவ ஓட்டலைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு கேள்விங்க நண்பர்களே. இத்தனை கோழியும் எந்தத் தோட்டத்துச் சாளையில் மேய்கிறது?

தோட்டத்தில் திரியும் சிறுவிடைக் கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். செல்லையும் புழுவையும் கிளறித் தின்னும், களத்தில் சிந்திய கம்பையும் சோளத்தையும் பொறுக்கும், கீரிக்கும் பருந்துக்கும் தப்பி ஓடும். ஓடி வளர்ந்த உடம்பு என்பதால்தான் கறி இறுகியிருக்கிறது, வேக நேரம் எடுக்கிறது.

இன்று அதே பெயரில் விற்கும் பல கோழிகள் கலப்பினக் குஞ்சுகள். ஆயிரக்கணக்கில் கொட்டகையில் அடைத்து, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனம் போட்டு, மூன்று மாதத்துக்குள் எடைக்கு வந்துவிடும். நிறம் நாட்டு, வளர்ப்பு பண்ணை. அப்படி வளர்ப்பது குற்றமில்லை. தோட்டத்துக் கோழி விலையில் விற்பதுதான் மோசடி. அதனால் நாம் மட்டும் ஏமாறவில்லை. பத்துக் கோழியை வளர்த்து வாரச் சந்தைக்குக் கொண்டுவரும் பெண்களின் பிழைப்பும் போகிறது.

இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் மருத்துவர்கள். "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்" என்று தினமும் ஒரு செய்தி. ஐயா, பத்தாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையில் ஆள் இருக்கிறது? வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததால்தான் சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோ வருகிறது.

பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்குக்கு. நெருக்கி அடைத்த கொட்டகையில் நோய் சீக்கிரம் பரவும் என்று மருந்தைக் கொட்டினால், கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மனிதனுக்கு நோய் வந்தால் அது வேலை செய்யாது. வேறு மருந்து கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் கொலிஸ்டினையே கோழிக்குக் கொடுத்துவந்தார்கள். மத்திய அரசு அதைத் தடை செய்தது 2019இல்தான்.

இதற்காகப் பல்லடத்துப் பண்ணைக்காரரைத் திட்டாதீர்கள். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு அவருடையது. அவருக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இது எத்தனை நாள் கோழி? மேய்ந்ததா, அடைத்து வளர்த்ததா? பதில் சொல்லத் தெரியாத கடையில் நாட்டுக்கோழி விலை கொடுக்காதீர்கள்.