நிரூபியுங்கள் என்கிறவர்களுக்கு

கள்ள வாக்குக் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நம் நாட்டு வேட்பாளர்களிடம் ஆயத்தமாக இருக்கும் மறுமொழி ஒன்றுதான்: நிரூபியுங்கள், அதுவரை விலகமாட்டேன். அரசியல்வாதியின் வாயில் இது வருவதில் அதிசயமில்லை. நமது எழுத்தாளர்களும் இதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரை நாம் எப்படி ஒதுக்குவது என்று கவிஞர் ஒருவர் என்னிடம் மிக நிதானமாகக் கேட்டார்.

அவருக்கு 1999ஐ ஞாபகமூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு ஜனவரி 25இல் வடமேல் மாகாண சபைத் தேர்தல் நடந்தது. குருநாகல், புத்தளம் மாவட்டங்களில் எதிர்க்கட்சி முகவர்கள் விரட்டப்பட்டார்கள், பெட்டிகள் நிரப்பப்பட்டன. கண்காணிப்பாளர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். 'வயம்ப' என்ற அம்மாகாணத்தின் சிங்களப் பெயரே தேர்தல் மோசடிக்கு மறுபெயராயிற்று. ஆயினும் ஆளும் பொதுஜன ஐக்கிய முன்னணி வென்றதாக அறிவிக்கப்பட்டது. சபை அமைந்தது. ஆசனங்கள் நிரம்பின.

நிரூபிப்பதென்றால் எப்படி? ஆசிரியன் என்ற வகையில் பிற்காலத் தேர்தல்கள் பலவற்றில் வாக்களிப்பு நிலையங்களில் கடமை செய்திருக்கிறேன். காலையில் வெற்றுப் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டுவோம். வருபவரின் பெயரை உரத்து வாசிப்போம். ஆட்சேபிக்க வேண்டியவர் முகவர். அந்த முகவரை அடித்துத் துரத்திவிட்டால் சாட்சி போயிற்று. தலைமைதாங்கும் அலுவலரை மிரட்டி முத்திரையையும் கைப்பற்றிவிட்டால், திணிக்கப்பட்ட சீட்டுக்கும் நல்ல சீட்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. எண்ணும் நிலையத்தில் இரண்டும் கலந்து ஒரே கட்டாகிவிடும். ஆக, சாட்சியை ஒழித்ததால் இலாபமடைந்தவரே பின்னர் சாட்சி எங்கே என்று கேட்கிறார்.

நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 2000 ஒக்டோபர் பொதுத் தேர்தலில் கண்டி மாவட்ட வாக்களிப்பு நிலையங்கள் சிலவற்றில் நடந்தவை குறித்து வாக்காளர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். மீள் வாக்கெடுப்பு நடத்தத் தவறியதன் மூலம் தேர்தல் ஆணையாளர் அவர்களது அடிப்படை உரிமையை மீறினார் என்று 2001இல் தீர்ப்பு வந்தது. வழக்காடியவர்கள் வென்றார்கள், தேர்தல் முடிவு மட்டும் மாறவில்லை. அதே மாவட்டத்தின் உடத்தலவின்னையில் 2001 டிசம்பர் 5, தேர்தல் தினத்தன்று, நம் இளைஞர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டதையும் நாம் மறந்திருக்க முடியாது. இந்த நாட்டில்தான் சாட்சியோடு வா என்கிறார்கள்.

ஒருவரைச் சிறைக்கனுப்ப நிரூபணம் வேண்டும், மறுக்கவில்லை. வேட்பாளராக நிற்பது அப்படியா? அது ஊராரிடம் நம்பிக்கையைக் கேட்டு நிற்பது. பரீட்சை வினாத்தாள் வெளியாகிவிட்டால் திருடன் அகப்படும்வரை நாம் காத்திருப்பதில்லை. மறுபடி பரீட்சை வைக்கிறோம். நன்றாகப் படித்த பிள்ளை முணுமுணுத்தாலும் மறுபடி எழுதும், அதற்குப் பயமில்லை. குற்றமற்ற வேட்பாளர் முதலாளாக எழுந்து மீள் வாக்கெடுப்பைக் கேட்டிருக்க வேண்டும். வாக்கு ஓர் அமானிதம் என்று மேடையில் முழங்குபவர்கள் அதைக் கேட்டு நான் அறியவில்லை.

பகிரங்கமாகப் பெட்டி நிரப்புவது இன்று குறைந்துவிட்டது என்பது உண்மை. 2001இல் 17ஆம் திருத்தம் வாக்களித்த சுயாதீன தேர்தல்கள் ஆணைக்குழு, 19ஆம் திருத்தத்தின் பின் 2015 நவம்பரில்தான் உருவானது. பதினான்கு வருடத் தாமதம். ஆனால் காசு, அரிசி மூட்டை, கூரைத்தகடு என்று குற்றச்சாட்டு உருமாறினாலும் மறுமொழி அப்படியே இருக்கிறது.

நாமோ அவர்களைத்தான் நூல் வெளியீட்டுக்குப் பிரதம அதிதியாக அழைக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், முதற்பிரதியை நீட்டுகிறோம், அவர் தரும் கடித உறையின் கனத்தைக் கையால் நிறுத்துப் பார்க்கிறோம். அவர் வராவிட்டால் புத்தகம் விற்காதாம். விற்காமல் கிடக்கட்டுமே, நமது புத்தகங்களுக்கு வீட்டு அலுமாரி ஒன்றும் புதிய இடமல்ல.