எழுபது வளைவுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வல்வில் ஓரி, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் காரவள்ளியில் தொடங்கி மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் இருக்கிறது!

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். எல்லாமே 'நாடு' என்று முடிபவை. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்ற வரிசையில் எடப்புளி நாடும் ஒன்று. ஒரு நாடு என்பது ஒரே ஊர் அல்ல. மேடும் பள்ளமுமாய்ச் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊராட்சி தோறும் ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. பின்னால் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலைக்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன், அதாவது டான்ஃபிநெட், உருவாக்கப்பட்டது. ஊராட்சிக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் என்பது குறிக்கோள். நல்ல விஷயம்தான்.

சரி, ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு? சுகாதார நிலையத்துக்கு? ரேஷன் கடைக்கு? சாதாரண நெட்வொர்க் கேபிள், அந்த நீலநிறச் செப்புக் கம்பி, 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. எடப்புளி நாடு போன்ற இடத்தில் 100 மீட்டர் என்பது எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு மலையில் இடி மின்னல் வேறு. செப்புக் கம்பி மின்னலின் அதிர்ச்சியைக் கொண்டுவந்து கருவியைப் பொசுக்கிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆகவே அந்தக் கடைசித் தூரத்துக்கும் ஃபைபர்தான் சரி. ஃபைபரில் வரும் ஒளியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றவும், திருப்பி அனுப்பவும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்னப் பெட்டி வேண்டும். அதுதான் மீடியா கன்வெர்ட்டர்.

இதில் இரண்டு வகை. ஒன்று, செருகினால் வேலை செய்யும் சாதாரணப் பெட்டி. விலை குறைவு. இன்னொன்று 'மேனேஜ்டு' வகை. இதற்கென்று ஒரு ஐ.பி. முகவரி உண்டு. தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து நிலைமையைப் பார்க்கலாம், மாற்றலாம். விலை பல மடங்கு அதிகம். டெண்டர் போடும்போது எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் சமவெளியில் எப்படியோ, மலையில் அந்தச் சிக்கனம் தப்புக் கணக்கு.

ஏன்? ஒரு நாள் காலையில் பள்ளியில் நெட் வரவில்லை என்று வையுங்கள். காரணம் மூன்றாக இருக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம். அல்லது பெட்டியே கெட்டிருக்கலாம். சாதாரணப் பெட்டியிடம் கேட்டால் பதில் வராது. கீழே நாமக்கல்லிலிருந்து ஒருவர் பைக்கில் 70 வளைவும் ஏறி வந்து பார்த்து, "கரண்ட் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்க வேண்டும். ஒரு நாள் போச்சு. மேனேஜ்டு வகையில் பல மாடல்களில் ஒரு வசதி உண்டு. மின்சாரம் போகும் நொடியில், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தை வைத்து "எனக்குக் கரண்ட் போயிற்று" என்று கடைசியாக ஒரு தகவலை அனுப்பிவிட்டுத்தான் அணையும். அந்தத் தகவல் வந்தால் கரண்ட் பிரச்சினை. வராமல் இணைப்பு மட்டும் போனால் கேபிளையோ பெட்டியையோ பார்க்க வேண்டும். கேபிள் ஒட்டும் மெஷினோடும் மாற்றுப் பெட்டியோடும் ஒரே தடவையில் கிளம்பலாம்.

முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிளஸ் ஒன்னிலேயே படிக்கிறோமே, அந்தப் பாடம்தான் இது. பெட்டி வாங்குவது ஒரு முறைச் செலவு. வண்டி, பெட்ரோல், ஆள் கூலி எல்லாம் ஒவ்வொரு பழுதுக்கும் வரும் செலவு. அதோடு எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு செலவும் இருக்கிறது. நெட் இல்லாததால் ஒரு சான்றிதழுக்காக வேலையை விட்டுவிட்டு அலைகிறவரின் ஒரு நாள் கூலி அது. ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா?

மறுபக்க வாதமும் உண்டு. "மேனேஜ்டு பெட்டியை மலையில் யார் கான்ஃபிகர் செய்வது? சாதாரணப் பெட்டியில் கெடுவதற்கே ஒன்றும் இல்லையே?" நியாயமான கேள்வி. அரைகுறையாக வைத்த மேனேஜ்டு பெட்டி, சாதாரணப் பெட்டியைவிட மோசம் என்பதும் உண்மை. ஆனால் சரியாக வைப்பது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை அல்ல.

முதலில் மாட்டுவது. ஒற்றை இழையில் போக்கும் வரத்தும் நடக்கும் வகை என்றால் இரண்டு முனையும் ஜோடி சேர வேண்டும். ஒரு பக்கம் 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கினால், மறுபக்கம் 1550-இல் அனுப்பி 1310-இல் வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டிவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வது சகஜம். பச்சைக் கனெக்டரையும் நீலக் கனெக்டரையும் இணைக்கக் கூடாது. முனையைத் துடைக்காமல் செருகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூசியே ஒளியை மறைத்துவிடும். வெளிச்சம் வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். அதை அளக்க பவர் மீட்டர் இருக்கிறது.

அடுத்து செட்டிங்ஸ். ஐ.பி. முகவரியை மாற்ற வேண்டும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். பெட்டியை நிர்வகிக்கும் போக்குவரத்தைத் தனி வி-லேனில் பிரித்து வைக்க வேண்டும். ஃபைபர் அறுந்தால் செப்புப் பக்கமும் அணையும்படி லிங்க் ஃபால்ட் வசதியை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் அறுந்த பிறகும் ஸ்விட்சில் பச்சை விளக்கு சிரித்துக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைத் தகவல் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுத வேண்டும். கடைசியாக, எல்லாவற்றையும் 'சேவ்' செய்ய வேண்டும். பல பெட்டிகளில் இதை மறந்தால் அடுத்த கரண்ட் கட்டில் அத்தனையும் அழிந்துவிடும்.

இவ்வளவுதான். ஒரு பிற்பகல் வேலை. கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. செய்தவர் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கிவிடுவார். காண்டிராக்ட் முடிந்ததும் வேறு ஆள் வருவார், அவருக்கு பாஸ்வேர்ட் தெரியாது. பெட்டியை ரீசெட் செய்து ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். நிர்வகிக்க ஆளில்லாவிட்டால் மேனேஜ்டு பெட்டிக்குக் கொடுத்த காசு தண்டம்.

ஆகவே பெட்டியோடு இரண்டு விஷயங்கள் மலையேற வேண்டும். ஒன்று, முகவரி, பாஸ்வேர்ட், எந்த இழை எங்கே போகிறது, பொருத்திய அன்று ஒளியின் அளவு எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள். அது ஊராட்சி அலுவலக பீரோவில் பூட்டி இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஓர் ஆள். பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வேலைக்காகத் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ இறங்கப் பார்க்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்தால் என்ன? பழுது நடந்த பத்தாவது நிமிடம் அவர் பெட்டியின் முன்னால் நிற்பார். ஒரு வளைவுகூட ஏற வேண்டியதில்லை!