மாசிப் பனியும் ஹூஸ்டன் பனியும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் கருங்குழியில் மச்சைத் துளைக்கிற பனி எப்படி இருக்கும் தெரியுமா? விடியற்காலையில் ஏரிப் பக்கம் புகை மூட்டம் போட்டாற்போல இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். தாத்தாமார்கள் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் புறப்படுவார்கள். எட்டு மணிக்குச் சுள்ளென்று வெயில் வந்துவிட்டால் எல்லாம் போயே போச்சு. தண்ணீர் கல்லாக இறுகுகிற பனிக்கும் நம் பேச்சில் அதே 'பனி'தான். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் டெக்ஸாஸில் இருக்கிறாளாம். பிரசவத்துக்குத் துணையாக மார்கழியில் இவர் புறப்படுகிறார். "அங்கே நம்மூர் மாதிரியே வெயில், கம்பளியெல்லாம் சுமந்து வராதே என்கிறாள். நிஜமா? வேறு என்ன எடுத்துப் போகட்டும்?" என்று கேட்கிறார். நிஜம்தான், அம்மா. நூற்றில் தொண்ணூறு நாள் நிஜம். மிச்சமுள்ள நாட்களைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்.

என் தங்கை ஹூஸ்டனில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. கடலோரப் பிரதேசம். ஆகஸ்டு மாதத்தில் வாசலுக்கு வந்தால் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நம் சென்னை மாதிரியே புழுக்கம். கொல்லையில் கறிவேப்பிலை, முருங்கை இரண்டும் வைத்திருந்தாள். பக்கத்தில் பியர்லேண்ட் என்ற ஊரில் மீனாட்சி அம்மன் கோயில். "அமெரிக்காவில் நம்ம ஊரைத் தேடிப் பிடிச்சிருக்கேன் அக்கா" என்று பெருமையடிப்பாள். குளிர் ஒத்துக்கொள்ளாத நம்மவர்கள் பலர் அந்த மாநிலத்தைத் தேடிப் போவதும் இதற்காகத்தான்.

2021-ல் எங்கள் தம்பிக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். கொரோனா காலம், மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை, சான்றிதழ் என்று எத்தனையோ கெடுபிடி. எல்லாவற்றையும் தாண்டிச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு தங்கை மட்டும் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. பதினோரு வயசுப் பையனுக்குப் பள்ளிக்கூடம். அப்பாவும் பிள்ளையும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

கல்யாணக் களேபரம் ஓய்ந்து, பிப்ரவரி 15, திங்கட்கிழமை. மொட்டை மாடியில் முதல் வடாம் போட்டோம். நமக்கு மத்தியானம் ஒரு மணி என்றால் அவர்களுக்கு அதே நாள் பின்னிரவு ஒன்றரை. பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நாங்கள் காக்காய் விரட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அங்கே மாநிலம் முழுக்க மின்சாரத்தை வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். சாயங்காலம் வடாத்தை எடுக்கும்போது போன் வந்தது. விடிந்துகொண்டிருக்கிறது, வெளியே எல்லாம் வெள்ளை, கரண்டு போய் ஐந்து மணி நேரமாச்சு, வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது என்கிறார் தங்கை வீட்டுக்காரர். மறுநாள் ஹூஸ்டனில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போயிற்று.

"இதுக்கா இத்தனை அலட்டல்? கனடாவில் முப்பது டிகிரி கீழே போனால்கூடப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போறாங்களே" என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன? கனடாவில் வீட்டைக் கட்டும்போதே குளிரை நினைத்துக் கட்டுகிறார்கள். ஹூஸ்டன் வீடோ வெயிலுக்காகக் கட்டியது. தண்ணீர்க் குழாய் கூரைக்கு அடியில் போர்வை இல்லாமல் ஓடும். 2022 ஜூலை 19-ம் தேதி இங்கிலாந்தில் முதல் தடவையாக 40 டிகிரியைத் தாண்டியபோது அவர்கள் ரயிலை நிறுத்தியதைப் பார்த்து, கத்திரி வெயிலில் கருவாடு காயவைக்கிற நாம் சிரிக்கவில்லையா? அதே கதைதான். பழக்கமில்லாதது வந்தால் சின்னதும் பெரிசு.

டெக்ஸாஸில் மின்சாரம் போனதற்குப் பனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின் கட்டமைப்பு. பக்கத்து மாநிலங்களோடு பெரிய இணைப்பு இல்லாததால் அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கவும் வழி குறைவு. மின்சாரம் தயாரிக்க முக்கியமாக எரிவாயு வேண்டும். வாயுக் கிணறும் குழாயும் உறைந்தன. வாயுவைத் தள்ளுகிற இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதையும் வெட்டியாயிற்று. அம்மி ஆட்டுக்கல்லைக் கேட்க, ஆட்டுக்கல் அம்மியைக் கேட்ட மாதிரி. 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மேல் இருண்டன. இன்னும் நாலரை நிமிஷம் தாமதித்திருந்தால் மொத்தக் கட்டமைப்பும் விழுந்து, எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். இதில் என் வயிறு எரிகிறது எதற்கென்றால், 2011-லேயே இதேபோல ஒரு குளிர் வந்து, இயந்திரங்களுக்குக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து வருஷம் அப்படியே கிடந்தது. மதகு ஒழுகுகிறது என்று தெரிந்தும் அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. கட்டாயம் என்று சட்டம் போட்டது 2021 ஜூனில், எல்லாம் முடிந்த பிறகு.

அந்தத் திங்கட்கிழமை போனுக்கு வருகிறேன். "பையன் நடுங்குறான். கொல்லையில கறி சுடுற அடுப்பு இருக்கு, கரி மூட்டையும் இருக்கு. ஹாலுக்குள்ள கொண்டுவந்து பத்தவெச்சுக் கதவை மூடிட்டா சூடு நிக்கும்" என்றார் தங்கை வீட்டுக்காரர். தங்கைக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. எங்கள் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"மாப்பிள்ளை, கரியை உள்ள கொண்டுவராதீங்க."

"குளிர் தாங்கல அத்தை. கொஞ்ச நேரந்தான்..."

"கொஞ்ச நேரமே போதும். பிள்ளைய இழுத்து மடியில போட்டுக்குங்க. கரி வேண்டாம், சொன்னாக் கேளுங்க."

அம்மா அஞ்சாம் வகுப்பு. கார்பன் மோனாக்சைடு என்ற பெயர்கூட வாயில் நுழையாது. ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறார். பெரிய அத்தை பிள்ளை பெற்றுப் படுத்திருக்க, காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, குமுட்டி அடுப்பு நிறையத் தணலை அறைக்குள் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை தேடினார்களாம். மருத்துவச்சிதான் கதவை உதைத்துத் திறந்து, தாயையும் சிசுவையும் முற்றத்துக்குத் தூக்கி வந்தாள். அரை மணியில் தெளிந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் தணல் இருக்கிற அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது.

டாக்டர்கள் சொல்வதும் இதுதான். விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், எழுந்து ஓடிவிடுவோம். நன்றாகப் பிடித்த தணல் புகையாது, நாறாது. அது விடுகிற கார்பன் மோனாக்சைடு வாயு, நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் விடுதி அறைகளில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கிப் போனவர்கள் செய்தி நம் பேப்பர்களிலும் வந்திருக்கிறது. புயலுக்குப் பிறகு ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டுகிறோமே, அதுவும் இதே ஆபத்துதான். வர்தா, நிவர் புயல்களின்போது பார்த்திருப்பீர்கள். டெக்ஸாஸில் அந்த வாரம் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தவர்களும், காரேஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்து சூடேற்றிக்கொண்டவர்களும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அரசாங்கக் கணக்குப்படி அந்தப் பனியில் மொத்தம் 246 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 20 பேர் இந்த வாயுவால். மூன்றில் இரண்டு பங்குக்குக் குளிரே எமன்.

மாப்பிள்ளை கரி மூட்டையைத் திரும்பக் கொல்லையில் போட்டார். இருக்கிறதிலேயே சின்ன அறையாகப் பார்த்து மெத்தையை இழுத்துப் போட்டு, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் சுருண்டுகொண்டார்கள். சட்டைமேல் சட்டை, காலுறைமேல் காலுறை, தலைக்குக் குல்லாய். காஸ் அடுப்பு என்பதால் தீக்குச்சி கிழித்து வெந்நீர் வைக்க முடிந்தது. அதுவும் சமைக்க மட்டும், அறையைச் சூடாக்க இல்லை. பிரிஜ்ஜில் இருந்த பாலையும் காய்கறியையும் எடுத்துக் கொல்லைப் பனியிலேயே வைத்தாராம்! தங்கை அரைத்து வைத்துவிட்டு வந்த மாவு மூன்று நாளாகப் பொங்கவே இல்லையாம்.

போனுக்குச் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டே தடவை பேச்சு. நமக்கு ராத்திரி ஒன்பதரை, பிறகு பால்காரர் வரும் ஐந்தரை. அதற்கு நடுவில் தங்கை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பாய் விரித்துப் படுப்பாள், பேன் போட்டால் எழுந்து அணைப்பாள். "அவன் அங்க விறைச்சுக் கிடக்கிறான், எனக்குக் காத்து கேக்குதா?" என்பாள். சின்னவள் வியர்த்துக் கொட்டி என்னிடம் வந்து, "பெரியம்மா, பேன்" என்று சிணுங்கும்.

வியாழக்கிழமைதான் அங்கே கரண்டு வந்தது. பனி இளகுகிற நேரத்தில் அடுத்த வினை. உறையும்போது தண்ணீர் பருக்கும், குழாய் விரியும். இளகியதும் விரிசலிலிருந்து கொட்டும். சமையலறை மேற்கூரையிலிருந்து ஒரு பலகையே பிய்த்துக்கொண்டு விழுந்தது. தண்ணீர் அடைக்கும் பெரிய வால்வு எங்கே என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்ததால் தரை தப்பித்தது. அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் தெரியவில்லை. ஹூஸ்டனில் அந்தப் புதன்கிழமையிலிருந்து ஞாயிறு வரை குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொன்னார்கள். கழிப்பறைக்குப் பனியை வாளியில் அள்ளி உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதுமே அண்டா, தவலை, குடம் எல்லாவற்றையும் நிரப்புகிற நமக்கு இது விசித்திரமாக இருக்கும். அவர்களுக்குக் குழாய் என்றைக்கும் வற்றியதில்லை.

இப்போது கேள்வி கேட்ட வாசகிக்கு. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, காதை மூடுகிற குல்லாய் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரை இரண்டு வாரத்துக்கு உபரியாகக் கையில் இருக்கட்டும். ரோடு உறைந்தால் கடை திறக்காது. போய் இறங்கியதும் மாப்பிள்ளையிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள். தண்ணீர் வால்வு எங்கே? அடுப்பு காஸா, கரண்டா? விஷவாயு மணி பாட்டரியில் வேலை செய்கிறதா? உறையும் என்று அறிவித்த ராத்திரி, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு வையுங்கள், ஓடுகிற தண்ணீர் சுலபத்தில் உறையாது. தொட்டியையும் நிரப்பிவிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். பச்சைச் சிசுவுக்கு நம்மைப்போல நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. கை கால் மட்டுமில்லாமல் மார்பும் வயிறும் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவண்டால் உடனே டாக்டர். அதுவரை தாயின் மார்போடு சேர்த்து, தோலோடு தோலாக வைத்துப் போர்த்துவதைவிட நல்ல கணப்பு கிடையாது. முகத்தைப் போர்த்த வேண்டாம். உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் ஏறுவது சீக்கிரம் உறைக்காது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அதுதான் கெட்ட அறிகுறி. உடம்பு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. சூடேற்றும் என்று யாராவது பிராந்தி நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தோலுக்குச் சூடு ஏறினாற்போல் தோன்றும், உள்ளே இருக்கிற சூடு வெளியேறிவிடும்.

2025 ஜனவரி 21-ம் தேதி ஹூஸ்டனில் மறுபடியும் பனி கொட்டியது. விமான நிலையங்கள் இரண்டையும் மூடினார்கள். இந்தத் தடவை மின் கட்டமைப்பு தாங்கியது. தங்கை வீட்டில் குழாய்களுக்கெல்லாம் உறை போட்டாயிற்று, தொட்டி நிறையத் தண்ணீர். 2021-ல் கருகிப் போன முருங்கை அடியிலிருந்து துளிர்த்து மறுபடி மரமாகியிருந்தது, அதற்கும் பழைய புடவையைச் சுற்றியிருந்தாள். கறிவேப்பிலை மட்டும் அப்போதே போனது. புதுச் செடியைத் தொட்டியில் வைத்து, குளிர் என்று சொன்னால் தூக்கிக் கூடத்துக்குள் வைத்துக்கொள்கிறாள்.